அஞ்சல் உறைக்குள் போன அட்டைப்படம்: நவோமி சிம்ஸ் உள்ளே நுழைந்த வழி

1967ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு மாடலிங் வேலை கிடைக்க வேண்டுமானால் முதலில் ஓர் ஏஜென்சி வேண்டும். ஏஜென்சி சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் அச்சில் வந்த படம் கையில் இருக்க வேண்டும். படம் அச்சில் வர வேண்டுமானால் ஏஜென்சி அனுப்பிவைக்க வேண்டும். சுற்றிச் சுற்றி வரும் இந்த வட்டத்தில் வெள்ளையினப் பெண்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ‘முகத்தில் ஏதோ இருக்கிறது’ என்று தோன்றினால் ஏஜென்சியே தனக்குத் தெரிந்த இளம் புகைப்படக்காரர் ஒருவரிடம் அனுப்பிச் சோதனைப் படம் எடுக்கச் சொல்லும். கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் அடைபட்டிருந்தது. அமெரிக்கக் கறுப்பின மாடலான நவோமி சிம்ஸ் ஏறி இறங்கிய ஏஜென்சிகளில் சில, காரணத்தை மறைக்கக்கூட இல்லை. நிறம் ரொம்பக் கறுப்பு என்று நேராகவே சொல்லி அனுப்பின.

இரண்டே ஆண்டுகளில் அவர் முகம் லைஃப் இதழின் அட்டையில் இருந்தது. இடையில் நடந்ததை அழகு, துணிச்சல் என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுவது வழக்கம். அவை இரண்டும் அவருக்கு முன்னால் வந்தவர்களிடமும் குறைவில்லாமல் இருந்தன. சிம்ஸ் வேறுபடுவது அவர் வேலை செய்த விதத்தில். ‘கறுப்பு முகம் விற்காது’ என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் பணம், ஒளி, ஒப்பனை, முடி என்று நாலைந்து சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவர் அவற்றைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாகக் கையாண்டார். கடைசிச் சிக்கலைத் தீர்க்கப் போனபோது அதுவே அவருக்குப் பெரிய வியாபாரமாகவும் ஆனது.

அவருக்கு முன்னால்

‘முதல் கறுப்பின சூப்பர்மாடல்’ என்ற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொருவரும் திறந்தது வேறு வேறு கதவு.

டோரோதியா டவுல்ஸ் 1949இல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோரின் ஆடையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஸ்கியாபரெல்லி, பால்மா ஆகிய வடிவமைப்பாளர்களிடமும் வேலை பார்த்தார். அமெரிக்காவில் மூடியிருந்த கதவு பாரிஸில் திறந்திருந்ததற்கு ஒரு தொழில்முறைக் காரணமும் உண்டு. ஆடையகத்தின் மாடல் வாடிக்கையாளர் முன்னால் உடுத்தி நடப்பவர். துணி உடம்பில் எப்படி விழுகிறது, நடை எப்படி என்பதுதான் அங்கே கணக்கு. அச்சு, விளம்பரதாரர், தென் மாநில வாசகர் என்று எதுவும் குறுக்கே வராது.

அமெரிக்காவுக்குள் இன்னொரு சந்தை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் தொடங்கிய எபனி இதழ், 1946இல் ஒஃபீலியா டிவோர் தொடங்கிய கிரேஸ் டெல் மார்கோ ஏஜென்சி, 1958 முதல் ஊர் ஊராகச் சென்ற எபனி ஃபேஷன் ஃபேர் என்ற ஆடைக் காட்சி என்று கறுப்பினத்தவர் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட சந்தை அது. ஆனால் அதற்குள்ளும் வெளிர்நிறத்துக்கே மவுசு. 1950களில் வந்த ஹெலன் வில்லியம்ஸ், நிறம் கறுப்பு என்று கறுப்பினப் பத்திரிகை உலகத்திலேயே கேட்க வேண்டியிருந்தது. பாரிஸுக்குப் போய்ப் பெயர் வாங்கித் திரும்பி வந்தவரை நியூயார்க் ஏஜென்சி ஒன்று இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, தங்களிடம் ஏற்கெனவே ஒரு கறுப்பின மாடல் இருப்பதாகச் சொல்லி அனுப்பியது. ‘ஒன்று இருக்கிறது, போதும்’ என்ற அந்தக் கணக்கு பிறகும் பல ஆண்டுகளுக்கு இந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை. அவர் பத்திரிகைப் பத்தியாளர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். விஷயம் அச்சில் வந்த பிறகே பெரிய விளம்பரங்கள் அவரைத் தேடி வந்தன.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த டொனியேல் லூனாவின் அனுபவம்தான் சிம்ஸின் கதைக்கு நேரடிப் பின்னணி. ஹார்ப்பர்ஸ் பஸார் இதழின் 1965 ஜனவரி அட்டையில் அவர் வந்தார், ஆனால் கோட்டோவியமாக. ஓவியத்தில் நிறத்தை யார் எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். அதே ஆண்டு ஏப்ரல் இதழில் ரிச்சர்ட் அவெடன் எடுத்த புகைப்படங்கள் வந்தபோது அந்த வசதி போய்விட்டது. தென் மாநில விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள், சந்தாக்கள் ரத்தாயின. லூனா ஆண்டு முடிவதற்குள் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். 1966 மார்ச்சில் டேவிட் பெய்லி எடுத்த படத்துடன் பிரிட்டிஷ் வோக் அட்டையில் வந்தார். ஒரு கண்ணைச் சுற்றி இரு விரல்கள் விரித்த அந்தப் படத்தில் முகத்தின் பாதி கையால் மறைந்திருக்கிறது.

ஆக, 1967இல் நியூயார்க் ஏஜென்சிகள் பயந்தது கற்பனையான ஒன்றுக்கு அல்ல. பணம் போன கதை அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. தேசிய மாத இதழ் என்பது நாடு முழுக்கக் கடைகளில் தொங்குவது. மிசிசிப்பியில் ஒரு கடைக்காரர் வாங்க மறுத்தாலும் அந்தச் செய்தி நியூயார்க்கில் விளம்பரப் பிரிவு மேலாளரின் மேசைக்கு வந்துவிடும்.

சிம்ஸ் பிறந்தது அதே மிசிசிப்பியில், ஆக்ஸ்ஃபோர்டு ஊரில். பெற்றோர் பிரிந்த பிறகு பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்குக் குடும்பம் வந்தது. தாயால் வளர்க்க முடியாமல் போனதால் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். பதின்மூன்று வயதிலேயே 5 அடி 10 அங்குல உயரம். பள்ளியில் அது கேலிக்குத்தான் உதவியது. 1966இல் உதவித்தொகையுடன் நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் சேர்ந்தார். இரவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உளவியல் வகுப்பு. கையில் காசில்லை. மாடலிங்கை அவர் நினைத்துப் பார்த்தது வாடகைக்காக.

புகைப்படக்காரர் வழி

ஏஜென்சிகள் கைவிரித்ததும் சிம்ஸ் வரிசையைத் தலைகீழாக்கினார். நேராகப் புகைப்படக்காரர்களைப் பார்க்கப் போனார். ஸ்வீடனில் பிறந்த கோஸ்டா பீட்டர்சன் நியூயார்க் டைம்ஸுக்காக ஃபேஷன் படங்கள் எடுத்துவந்தவர். அவருடைய மனைவி பேட்ரிசியா பீட்டர்சன் அந்தப் பத்திரிகையின் ஃபேஷன் ஆசிரியர். 1967 ஆகஸ்டில் வந்த டைம்ஸின் ஃபேஷன் இணைப்பிதழ் அட்டைக்கு பீட்டர்சன் சிம்ஸைப் படம் எடுத்தார்.

இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மாத இதழ் மறுத்ததை ஒரு நாளிதழின் இணைப்பு எப்படிச் செய்தது? தாராள மனம் ஒரு காரணம் என்றால் விநியோகம் இன்னொரு காரணம் என்று தோன்றுகிறது. இணைப்பிதழ் தனியாகக் கடையில் விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். அட்டையைப் பார்த்து வாங்குவதா வேண்டாமா என்று யாரும் முடிவு செய்வதில்லை. அதில் விளம்பரம் கொடுப்பவை பெரும்பாலும் நியூயார்க்கின் பெரிய துணிக்கடைகள். அவற்றின் வாடிக்கையாளர்கள் வாழ்வது அதே நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும். தவிர, காலம். அந்த ஜூலையில்தான் இனக் கலவரங்களில் நியூ ஜெர்சியின் நியூவார்க் எரிந்து 26 பேரும், டெட்ராய்ட் எரிந்து 43 பேரும் இறந்திருந்தார்கள். ‘நம் பக்கங்களில் இவர்கள் ஏன் இல்லை’ என்ற கேள்வி ஆசிரியர் அறைகளில் அப்போதுதான் கூச்சத்தை உண்டாக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கலவரங்களை ஆராய அமைத்த கெர்னர் ஆணையம் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தந்த அறிக்கையில் ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது.

அட்டை வந்துவிட்டது. அதன் பிறகும் வேலை வரவில்லை என்பதைப் பல வாழ்க்கைக் குறிப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன. விளம்பர நிறுவனத்தில் மாடலைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்த முகம் பிடித்திருந்தாலும் கூப்பிட எண் இல்லை. கட்டணம் யாரிடம் பேசுவது, வராமல் போனால் யாரைக் கேட்பது, ரசீது யார் கொடுப்பது என்று எதற்கும் விடை இல்லை. ஏஜென்சியின் வேலை முகத்தைக் காட்டுவதோடு முடிவதில்லை. கணக்கு, நேரம், பொறுப்பு எல்லாம் அதன் தலையில்தான்.

வில்ஹெல்மினா கூப்பர் அப்போது மாடலிங்கிலிருந்து விலகிச் சொந்த ஏஜென்சி தொடங்கிக்கொண்டிருந்தார். சிம்ஸ் அவரிடம் போய் ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கவில்லை. ஒரு பேரம் வைத்தார். இணைப்பிதழின் பிரதிகளை நானே விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்புகிறேன், அதோடு உங்கள் தொலைபேசி எண்ணை இணைக்கிறேன், யாராவது கூப்பிட்டால் கமிஷன் உங்களுக்கு. கூப்பிடாவிட்டால் உங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை.

மாடலிங்கில் அச்சில் வந்த பக்கத்தைக் கிழித்துக் கோப்பில் வைப்பதற்கு ‘டியர் ஷீட்’ என்று பெயர். சோதனைப் படம் நூறு இருந்தாலும் ஒரு டியர் ஷீட்டுக்கு ஈடாகாது. காரணம் எளிது: இன்னொருவர் பணம் போட்டு இந்த முகத்தை அச்சிட்டிருக்கிறார் என்பதற்கு அது சான்று. வழக்கமாக அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு மாடல் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவார். வரவேற்பறையிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த முறை பயன்படாது. அஞ்சல் உறைக்கு வரவேற்பறை கிடையாது. அது நேராக மேசைக்குப் போகும். உறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிவதற்குள் பார்த்தாகிவிடும்.

ஏஜென்சிகளின் வாதம் தேவை இல்லை என்பது. தேவை இருக்கிறதா என்று சோதிக்கும் செலவை யாரும் ஏற்கத் தயாராக இல்லாததால் அந்த வாதம் உடையாமல் இருந்தது. அந்தச் செலவை, சில பிரதிகளும் தபால்தலைகளும்தான், சிம்ஸ் ஏற்றுக்கொண்டார். ஓர் ஆண்டுக்குள் வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1968இல் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 8,600 டாலர். அதை அவர் இரண்டு மாதத்தில் எட்டிவிடுவார்.

ஒளி, பூச்சு, முடி

வேலை கிடைத்த பின்பு வந்தது ஸ்டூடியோவுக்குள் இருந்த சிக்கல். ‘கறுப்பு முகம் படத்தில் எடுபடாது’ என்று புகைப்படக்காரர்கள் சொன்னதில் ஒரு பாதி பழக்கத்தின் சோம்பல், இன்னொரு பாதி இயற்பியல்.

கேமராவோடு இருக்கும் ஒளிமானி, எதை நோக்கிப் பிடித்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது தொழிலில் வழங்கும் அளவு. வெள்ளையினத்தவர் தோல் அதைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதல் ஒளியைத் திருப்பும். ஆழ்ந்த கறுப்புத் தோல் அந்தச் சாம்பலில் பாதியளவே திருப்பக்கூடும். இரண்டுக்கும் இடையில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வித்தியாசம். இதில் பிழை இரண்டு பக்கமும் நடக்கும். கறுப்பு முகத்துக்கு நேரே மானியைப் பிடித்து அது சொல்வதை அப்படியே நம்பினால் முகம் வெளிறி, உடுத்திய வெள்ளைத் துணியின் விவரமெல்லாம் எரிந்துபோகும். துணிக்கு அளந்தாலோ முகம் இருட்டில் மூழ்கும். ஃபேஷன் படத்தில் துணிதான் விற்பனைப் பொருள். ஆகவே பெரும்பாலும் துணிக்குத்தான் அளந்தார்கள். முகம் போனது.

அக்கால வண்ண இதழ்கள் நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமே வரும் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த படங்களையே விரும்பின. அவற்றில் ஒன்றான கோடாக்ரோம் 2 ஒளியை உணரும் வேகம் வெறும் 25. ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருட்டறையில் சரிசெய்துகொள்ளலாம், ஸ்லைடில் முடியாது. சரிசெய்ய வேண்டியது எடுக்கும்போதே. தெரிந்தவர்கள் செய்தது இவ்வளவுதான்: கையில் பிடிக்கும் மானியை முகத்தருகே வைத்து, மேலே விழும் ஒளியை அளந்தார்கள். அப்போது தோலின் நிறம் கணக்கைக் கெடுக்காது. பிறகு பெரிய வெள்ளைப் பலகையையோ துணியையோ பக்கவாட்டில் நிறுத்தினார்கள். கறுப்புத் தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன்மேல் படியும் பளபளப்பு. சிறிய விளக்கை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். பெரிய பலகையின் பிரதிபலிப்பு கன்ன எலும்பின்மேல் மெல்லிய பட்டையாக ஓடும். சிம்ஸின் நல்ல படங்களில் கன்னத்தையும் கழுத்தையும் வரைந்திருப்பது அந்தப் பட்டைதான்.

இங்கே ஷெர்லி கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையினப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்துக் கலர் பிரிண்டுகளைச் சரிசெய்த கோடாக்கின் அட்டைதான் இந்த வரலாற்றின் ஒரே வில்லன் என்று இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். குடும்பப் படங்களுக்கு அது பொருந்தும். இதழ் வேலை வேறு. அங்கே ஸ்லைடிலிருந்து நேராக அச்சுத் தகடு தயாரானது. முகம் கெட்ட இடம் பல சமயம் அச்சகம். அச்சுப் படம் சின்னச் சின்ன மைப்புள்ளிகளால் ஆனது. புள்ளி தாளில் விழுந்ததும் மை ஊறிப் பெரிதாகும். நாளிதழ்த் தாளில் இது மிக அதிகம். இருண்ட பகுதிகளில் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன வெள்ளை இடைவெளி அடைபட்டால் கண், மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே மைத்திட்டு. தகடு தயாரிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி இருட்டுப் பகுதியைத் திறந்துவைக்கச் செய்தால் தப்பிக்கலாம். வாரா வாரம் வெளிர்நிற முகங்களையே பார்த்துப் பழகிய கைகளுக்கு அதை யாராவது சொல்ல வேண்டும்.

ஒப்பனை இன்னும் நேரடிச் சிக்கல். கடையில் கிடைத்த ஃபவுண்டேஷன்களில் மூடும் தன்மையைத் தந்தது டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை நிறப் பொடி. வெளிர்நிறக் கலவையில் கொஞ்சம் பழுப்பு கூட்டி ‘கறுப்பு ஷேட்’ என்று விற்றால் அந்த வெள்ளை உள்ளேயே இருக்கும். பூசியவுடன் சரியாகத் தெரிந்தது ஃபிளாஷ் அடித்ததும் சாம்பல் பூத்துவிடும். மேலே போடும் முகப்பவுடரும் அதையே செய்யும். கறுப்புத் தோலுக்கு வெள்ளையைக் குறைத்து, சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கூட்ட வேண்டும். அப்படி ஒரு சரக்கு சந்தையில் அரிது என்பதால் கறுப்பின மாடல்கள் இரண்டு மூன்று டப்பாக்களைக் கலந்து தங்களுக்கு வேண்டிய நிறத்தைத் தாங்களே பிடித்தார்கள். எபனி ஃபேஷன் ஃபேரின் மேடைக்குப் பின்னால் மாடல்கள் இப்படிக் கலப்பதைப் பார்த்துத்தான் அதை நடத்திய யூனிஸ் ஜான்சனும் அவர் கணவரும் 1973இல் ஃபேஷன் ஃபேர் காஸ்மெட்டிக்ஸைத் தொடங்கினார்கள்.

முடியில் இன்னொரு தொல்லை. சூடேற்றிய இரும்புச் சீப்பால் நீவி நேராக்கிய முடி, ஈரம் பட்டால் பழைய சுருளுக்குத் திரும்பிவிடும். ஸ்டூடியோவின் விளக்குச் சூட்டில் வியர்வை வராமல் எப்படி? வெள்ளையினப் பெண்களின் முடியில் மட்டும் பயிற்சி பெற்ற சிகை அலங்காரக்காரருக்கு இதைத் தொடவே தெரியாது. சிம்ஸின் பல படங்களில் முடி பின்னால் இறுக்கி வாரப்பட்டிருப்பதை அவருடைய நேர்த்தியின் அடையாளமாகச் சொல்வார்கள். நேர்த்திதான். யாரையும் நம்பாமல் பத்து நிமிடத்தில் தானே முடித்துக்கொள்ளக்கூடிய அலங்காரமும் அது.

தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் தேசியத் தொலைக்காட்சி விளம்பரத்தில், பில் பிளாஸ் வடிவமைத்த உடையில் அவர் தோன்றியது அடுத்த பெரிய தாவல். தேசியத் தொலைக்காட்சி விளம்பரம் தென் மாநிலம், வட மாநிலம் என்றில்லாமல் நாடு முழுக்கப் போவது. போன் கம்பெனிக்குக் கடையில் தொங்கும் அட்டை பற்றிய கவலையும் கிடையாது. பிறகு 1968 நவம்பரில் லேடீஸ் ஹோம் ஜர்னல். அதன் விற்பனை அப்போது 68 லட்சம் பிரதிகள். அந்த இதழின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண் வந்தது அதுவே முதல்முறை. மூன்று மாதம் முன்னதாக, ஆகஸ்டில், கிளாமர் இதழ் கட்டிட்டி கிரோண்டேயை அட்டையில் போட்டிருந்தது. ஆனால் அவர் கல்லூரிப் போட்டியில் வென்ற மாணவி. சிம்ஸ் தொழில்முறை மாடலாக, அதுவும் சமையல் குறிப்பும் குடும்ப ஆலோசனையும் நிறைந்த ஓர் இல்லத்தரசி இதழின் அட்டையில் வந்தார். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஏப்ரலில்தான் கொல்லப்பட்டிருந்தார். 1969 அக்டோபர் 17 தேதியிட்ட லைஃப், கறுப்பின மாடல்கள் மேடையின் நடுவுக்கு வந்துவிட்டார்கள் என்று அட்டையிலேயே அறிவித்தது. அந்த அட்டையின் முகம் சிம்ஸ்.

அடுப்பில் வெந்த முடி

அவர் உச்சத்தில் இருந்தது ஐந்தாறு ஆண்டுகள். 1973இல், இருபத்தைந்து வயதை ஒட்டி, விலகிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் வெர்சாய் அரண்மனையில் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு மோதிய புகழ்பெற்ற காட்சி நடந்தது. பெத்தன் ஹார்டிசன், பேட் கிளீவ்லேண்ட், பில்லி பிளேர் போன்ற கறுப்பின மாடல்கள்தான் அன்றைய மேடையை அமெரிக்கர்கள் பக்கம் சாய்த்தார்கள். சிம்ஸ் திறந்த வழியில் நடந்து போனவர்கள் அவர்கள். அவரோ அப்போது தன் வீட்டு அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அடுத்து இறங்கியது விக், அதாவது பொய்முடி வியாபாரத்தில். அந்தச் சந்தையின் நிலைமை இது. மனித முடி விலை கூடுதல். 1960களின் நடுவில் அமெரிக்கா சீனத் தலைமுடிக்குத் தடை போட்டதும் இந்திய முடிக்குக் கிராக்கி ஏறியது. பழனியிலும் திருப்பதியிலும் இறக்கும் முடி இன்றும் உலகச் சந்தைக்குப் போவது அந்த வியாபாரத்தின் தொடர்ச்சிதான். இன்னொரு பக்கம் செயற்கை இழை மலிவாக வந்தது. ஜப்பானின் கனேகாபுச்சி கெமிக்கல் 1957இல் கொண்டுவந்த கேனகலான் அதில் முக்கியமானது. இரண்டிலும் கறுப்பினப் பெண்களுக்கு ஒரே குறை. வழுவழுப்பு, மெலிவு, பளபளப்பு. நெற்றியோரம் தன் சொந்த முடி கொஞ்சம் வெளியே தெரிந்தால் போதும், விக் தனியாக, தலை தனியாகக் காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பினப் பெண் நீவி நேராக்கிய முடியில் கொஞ்சம் சொரசொரப்பும் கனமும் உண்டு. ஒளியை அப்படியே திருப்பாமல் சிதறடிக்கும். அந்த முடியைப் போல் ஒரு விக் சந்தையில் இல்லை. சிம்ஸ் தேடியது அதைத்தான்.

கேனகலான் வெப்பத்தில் இளகி, ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் இழை. விக் தொழிற்சாலையில் இழையைச் சீவி, கலந்து, தையல் இயந்திரத்தில் ஒரு பக்கம் பிடித்துத் தைத்து நீண்ட சரமாக்குவார்கள். சரத்தை உலோகக் குழாயில் சுற்றிச் சூடேற்றி ஆறவிடுவார்கள். குழாயின் சுற்றளவுதான் சுருளின் அளவு. பிறகு சரங்களை வலைத்தொப்பியில் வரிசை வரிசையாகத் தைப்பார்கள். கெடுவது சூட்டில்தான். சூடு குறைந்தால் சுருள் கடையில் அழகாக இருந்து முதல் அலசலிலேயே தொங்கிப்போகும். கூடினால் இழை சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, நுனி பிளாஸ்டிக்காகக் கடினமாகும். ஆறுவதற்கு முன்னால் குழாயிலிருந்து உருவினாலும் வடிவம் போய்விடும்.

சிம்ஸ் இதைத் தன் வீட்டு அடுப்பிலேயே செய்து பார்த்தார். செயற்கை முடியை ஓவனில் வைத்துச் சுட்டு, எந்தப் பக்குவத்தில் நேராக்கிய கறுப்பின முடியின் சொரசொரப்பு வருகிறது என்று பார்த்தார். வீட்டு ஓவனில் சூடு சீராக இருக்காது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒன்றில்லை. அதில் பக்குவம் பிடிப்பதென்றால் எத்தனை கற்றைகள் கருகியிருக்கும் என்பதை இழையைக் கையாண்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். மெட்ரோபா என்ற இறக்குமதி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து விற்பனைக்கு வந்த அவருடைய விக்குகளின் இழைக்குக் கேனகலான் பிரெஸெல் என்று பெயர். வியாபாரம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் அளவை எட்டியது.

வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் கணக்கு புரியும். அலுவலக வேலைக்குப் போகும் பெண்கள். வாரா வாரம் சலூனில் நாலு மணி நேரம் உட்கார நேரமில்லாதவர்கள். இயற்கைச் சுருளோடு போனால் வேலையிடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சியவர்கள். சிம்ஸ் மேல் வைக்கப்படும் ஒரு விமர்சனமும் இதைத் தொட்டுத்தான் வருகிறது. இயற்கைச் சுருளை அப்படியே வளர்த்துப் பெருமையோடு காட்டிய ஆஃப்ரோ எழுச்சி உச்சத்தில் இருந்த காலத்தில் நேராக்கிய முடியின் நகலை விற்றது பின்வாங்கல் இல்லையா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதுவரை அந்தப் பெண்களில் பலர் வாங்கி அணிந்தது வேறோர் இனத்தின் முடியைப் போன்ற விக்கைத்தான். நீவி நேராக்கிய தங்கள் முடியை ஒத்த ஒன்று கடையில் கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கறுப்பினப் பெண்களுக்கான ஆரோக்கியமும் அழகும் பற்றி 1976இல் ஒரு புத்தகம், மாடலாவது எப்படி என்று 1979இல் இன்னொன்று. 1972இலேயே ‘கிளியோபாட்ரா ஜோன்ஸ்’ படத்தின் நாயகி வேடம் வந்தபோது, கறுப்பினத்தவரைக் காட்டும் விதம் பிடிக்காமல் மறுத்திருந்தார். முகம் எங்கே, எப்படிப் பயன்படுகிறது என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு இருந்தது. ஆடை வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் 1974இல் அவரைப் பற்றிச் சொன்னபோது, முதலாமவர் அவர்தான், கறுப்பின மக்கள் அனைவருக்கும் தூதராக இருந்தவர் என்றார். அமெரிக்க வோக் இதழ் பெவர்லி ஜான்சனை அட்டையில் போட்டதும் அதே 1974 ஆகஸ்டில்தான். சிம்ஸின் முகம் அந்த அட்டைக்கு வந்ததே இல்லை.

1980களில் வாசனைத் திரவியம், சலூன்கள், ஒப்பனைப் பொருட்கள் என்று வியாபாரம் விரிந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் அன்றாட நிர்வாகத்திலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். 2009 ஆகஸ்ட் 1 அன்று, மார்பகப் புற்றுநோயால், நியூவார்க்கில் இறந்தார். அவர் ஒதுங்கிய பிறகும், அவர் பெயர் தாங்கிய சரக்குகளின் விளம்பரங்களில் இருந்தது அவருடைய அந்தக் காலப் படங்கள்தான்.